வேதபாடம் நடத்திய அவிசுவாசி

1928ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் கற்பிக்கவென ஓர் ஆசிரியர் திருவிதாங்கூரிலிருந்து வந்து சேர்ந்தார். அவரை அழைத்தவர் அக்கல்லூரியின் அதிபராயிருந்த வணக்கத்துக்குரிய பி. ரி. காஷ். கல்லூரி வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனுடையது. வந்தவரோ கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவ குருவானவர் ஒருவரின் மகன். எனவே விஞ்ஞானத்தோடு வேதபாட வகுப்பு ஒன்றையும் அவரிடம் ஒப்படைப்பதில் அதிபருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்தபோது அவரது மாணவர்கள் வேதபாடத்தில் மிகச் சிறப்பாகச் சித்தியெய்தியிருந்தனர். ஆயினும் அடுத்த ஆண்டின் நேரசூசியில் வேதபாடம் அவருக்குத் தரப்படவில்லை. காரணம் வினவியபோது, மாணவர்கள் அனைவரும் பரீட்சையில் தேறிவிட்டனர், ஆனால் அனைவரும் விசுவாசத்தைத் தொலைத்துவிட்டனர் என்று அதிபர் விடையிறுத்தாராம்.

இக்கதையைப் பிற்காலத்தில் சுவைபடச் சொல்லி வந்தவர் அந்த ஆசிரியரேதான். ஆபிரகாம் தோமஸ் கோவூர் என்பது அவர் பெயர். கதையில் கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. அதிபர் வேதபாடத்தைத்தான் திருப்பி எடுத்தாரேயன்றி வேலையை எடுக்கவில்லை. 1943 வரை கோவூர் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து அக்கல்லூரியிலேயே கற்பித்தார்.

கோவூர் என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது பேயோட்டிகளுக்கும் சாமியார்களுக்கும் சோதிடர்களுக்கும் சவால் விடுத்த முதியவரின் உருவமே. ஒரு லட்சம் ரூபாய்ப் பந்தயமும், கோர இரவுகள் என்ற தமிழ் நூலும், அவர் கையாண்ட சம்பவமொன்றிலிருந்து எழுந்த திரைப்படமும் அவரை இலங்கையிலும் தமிழகத்திலும் வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தின. ஆனால் அந்தக் கோவூர் அறுபது வயதுக்குப் பின்னர் தோன்றியவர். அதற்கு முன்னிருந்த மனிதரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உள்ளத்தில் விசுவாசம் அற்றுப்போன பின்னரும், மதத்தின் பெயரால் நடந்த நிறுவனங்களுக்குள்ளேயே தமது ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். அந்த வாழ்க்கையே இன்று கூர்ந்து நோக்கத்தக்கதாக எனக்குப் படுகிறது.

1898 ஏப்ரல் 10ஆம் திகதி திருவல்லாவில் அவர் பிறந்தார். தந்தையார் கோவூர் ஐப்பு தொம்மா கத்தனார், மலங்கரை மார்த்தோமா சபையின் விகாரி ஜெனரலாக விளங்கியவர். இச்சபையின் வரலாற்றைச் சற்று அறிந்தால்தான் அக்குடும்பத்தின் நிலை விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1836 அளவில், ஆபிரகாம் மல்பான் என்னும் குருவானவர், பழைய சுரியானிச் சபையில் மலிந்திருந்த சடங்குகளையும் புனிதர் வழிபாடுகளையும் எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கினார். அதனால் எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1889இல் திருவிதாங்கூர் நீதிமன்றத் தீர்ப்பு பழைய சபைக்குச் சாதகமாக அமையவே, சீர்திருத்தக்காரர் கோயில்களையும் சொத்துகளையும் பெரும்பாலும் இழந்து தனிச் சபையாயினர். கோவூர் பிறந்தது இதற்கு ஒன்பது ஆண்டுகள் பின்னர். நம்பிக்கைக்காகச் சொத்தை இழந்தவர்களின் சபை என்ற பெருமிதமும், அதற்கேற்ற கட்டுப்பாடும் அங்கு நிறைந்திருந்தன. பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகிய நான்கும் சபையின் கையில். அச்சபையின் உயர்குருவுடைய மகன் சபைக்கு வெளியே ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்வதும் அரிது.

கல்கத்தாவின் பங்கபாசி கல்லூரியில் அவரும் அவரது தம்பி பெஹனானும் உயர்கல்வி பயின்றனர். தாவரவியலும் விலங்கியலும் கோவூரின் பாடங்கள். தம்பி பின்னர் அமெரிக்கா சென்று யேல் பல்கலைக்கழகத்தில் யோகப் பயிற்சியை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து நூலெழுதினார். அண்ணனின் ஆராய்ச்சி மனப்பான்மை கல்கத்தா நாட்களிலேயே குறும்பாக வெளிப்பட்டது. விடுமுறையில் ஊர் திரும்பும்போது கங்கைத் தீர்த்தம் கொண்டுவரும்படி அயலவர் கேட்டிருந்தனர். மறந்துபோன கோவூர், ஊருக்கு அண்மையில் ஒரு புகையிரத நிலையக் குழாயில் நீர் பிடித்துப் போத்தல்களில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சில காலத்தின் பின் அந்தத் தீர்த்தத்தால் நோய் தீர்ந்த கதைகள் அவர் காதுக்கு எட்டின. சிரிப்புக்குரிய சம்பவம்தான். ஆனால் நோய் தீர்ந்ததாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை அந்த இளைஞர் கவனித்திருக்கிறார். தண்ணீரால் அன்று, தண்ணீரைப் பற்றிய எண்ணத்தால் அவர்கள் தேறியிருந்தனர். அவரது பிற்கால ஆராய்ச்சிகள் அனைத்தும் ஒருவகையில் இந்தக் குழாயடியில் தொடங்கியவையே.

விசுவாசம் ஒரே நாளில் கழன்று விழுவதில்லை. சுவரில் ஈரம் ஏறுவது போல அது மெல்லவே நிகழ்வது. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் சில காலம் கற்பித்துவிட்டு, மனைவி குஞ்ஞம்மாவோடு கடல் கடந்து வந்த கோவூர், மற்றொரு கிறிஸ்தவ நிறுவனத்திலேயே சேர்ந்தார். அதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி, விஞ்ஞானக் கூடம், ஒழுங்கான சம்பளம் என்பன பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளில்தான் கிடைத்தன. கடவுளை நம்பாத விஞ்ஞான ஆசிரியரும் கடவுளின் பெயரால் நிறுவப்பட்ட கூடத்தில்தான் இலையை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய காட்சியும் அன்று. அதே மத்திய கல்லூரியின் முந்திய வடிவமான வெஸ்லியன் மிஷன் பாடசாலையில்தான் ஆறுமுக நாவலர் கற்றார், கற்பித்தார், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றார். நெற்றியில் நீறும் கையில் விவிலியப் பிரதியுமாக அவர் பணியாற்றிய ஆண்டுகளை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. 1848இல் அப்பதவியை உதறிவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கியதையே நினைவில் வைத்திருக்கிறோம். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய செமினறி 1855இல் மூடப்பட்டதற்கு, கல்வி பெருகிய அளவுக்கு உண்மையான விசுவாசிகள் பெருகவில்லை என்ற மனக்குறையும் காரணங்களுள் ஒன்று. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அச்செமினறியில் பயின்று, பின்னர் சைவத்துக்குத் திரும்பிய சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பதிப்புகளால் தமிழுலகின் மதிப்பைப் பெற்றார். இவர்கள் ஒரு மதத்தை விட்டால் தங்குவதற்கு இன்னொரு மதம் இருந்தது. கோவூருக்கு அதுவும் இல்லை. அவர் விட்டுச் சென்றால் சேரவேண்டிய வீடு எதுவும் அன்றைய யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை.

1943இல் அவர் காலி றிச்மண்ட் கல்லூரிக்குச் சென்றார். அதுவும் அன்று மெதடிஸ்த நிறுவனம். பின்னர் கல்கிசை சென். தோமஸ் கல்லூரி. அது அங்கிலிக்கன் திருச்சபையுடையது. கடைசியாகக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி. அங்கிருந்து 1959இல் ஓய்வுபெற்றார். மாந்திரீகம், பேய் பிடித்தல், சோதிடம் பற்றி அவர் அக்காலம் முழுவதும் ஆராய்ந்துகொண்டிருந்தார். கெட்ட நேரம் என்று சோதிடர் ஒதுக்கிய வேளைகளையே தேடி நல்ல காரியங்களைச் செய்தார். பேய் வீடு எனப் பெயர் பெற்ற இல்லங்களில் தங்கினார். எனினும் இவற்றைப் பற்றிப் பொதுமேடையில் பேசவும் பத்திரிகையில் எழுதவும் அவர் தொடங்கியது ஓய்வூதியம் உறுதியான பின்னரே.

இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மனிதன் எவ்வளவு காலம் வாயை மூடியிருக்கலாம்? பிரான்சிலே எத்ரெபிஞி என்னும் சிற்றூரில் ஜோன் மெலியே என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1689 முதல் 1729இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் பூசை ஒப்புக்கொடுத்தார், ஞானஸ்நானம் வழங்கினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர் மறைந்த பின் கிடைத்த கைப்பிரதியில், கடவுள் என ஒருவர் இல்லை என்றும், தாம் நம்பாததைக் கற்பித்து வந்ததற்காக ஊர்மக்கள் தம்மைப் பொறுத்தருள வேண்டுமென்றும் எழுதியிருந்தார். மெலியே மரணம்வரை காத்திருந்தார், கோவூர் ஓய்வூதியம்வரை. இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மெலியேயின் தொழிலே விசுவாசம். கோவூரின் தொழில் தாவரவியல். வேதபாட வகுப்பிலும் அவர் நூலை நூலாகக் கற்பித்தார் என்றே தெரிகிறது. நம்பாததை நம்புவதாக நடித்ததனால் அன்று, நடிக்காமல் கற்பித்ததனாலேயே வகுப்பு அவரிடமிருந்து பறிபோயிற்று.

இஸ்லாமிய வாசகர்களுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பு. 1091இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியப் பதவியை ஏற்று நூற்றுக்கணக்கான மாணவர்க்குப் போதித்த அவர், 1095இல் தமது போதனை இறைவனுக்காகவா அன்றிப் புகழுக்காகவா என்ற கேள்வியில் சிக்கி ஆறு மாதங்கள் தவித்தார். நா எழவில்லை. உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிரித்தனர். இறுதியில் ஹஜ்ஜுக்குச் செல்வதாக அறிவித்துவிட்டுப் பதவியைத் துறந்து திமிஷ்க் நகருக்குப் புறப்பட்டார். இமாம் அவர்கள் ஈமானை இழந்தார் என்பதல்ல இதன் பொருள். தேடிச் சென்றது கிடைத்து, 1106இல் மீண்டும் கற்பிக்க வந்தார். அதற்கு முன்னர், புலன்களையும் பகுத்தறிவையும் நம்பலாமா என்றே ஏறத்தாழ இரு மாதங்கள் ஐயத்தில் கிடந்ததையும் அவர் தம் நூலில் மறைக்காது பதிந்திருக்கிறார். உள்ளத்தில் இல்லாததை உதட்டால் சொல்லும் நிலை ஒரு மனிதனின் உடலையே வருத்தும் என்பதற்கு மார்க்க அறிஞர் ஒருவரின் இச்சாட்சியத்தைவிட வலியது வேறில்லை. ஐயத்தை ஒப்புக்கொண்ட கஸ்ஸாலியை நாம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று போற்றுகிறோம். நமது அயலிலுள்ள இளைஞன் அதையே ஒப்புக்கொண்டால் என்ன செய்கிறோம்?

மாத்தளையை எடுத்துக்கொள்வோம். மாசி மகத்தில் முத்துமாரியம்மனின் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் நகரம். அதன் வடக்கே, திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதாகப் போற்றப்படும் அலுவிகாரை. தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் கூப்பிடு தூரத்தில். இத்தகைய ஊரில் ஒருவன் யார் என்பதை அவன் எந்த வாசலுக்குள் நுழைகிறான் என்பதே தீர்மானிக்கிறது. இந்துவாகப் பிறந்தவன் கோயிலுக்குப் போகாமலே இருந்துவிடலாம். ஒருவரும் கேட்கப் போவதில்லை. அவனைப் பிடித்துவைத்திருப்பது வேறு கயிறு, அதற்குச் சாதி என்று பெயர். முஸ்லிமின் நிலை அவ்வாறன்று. ஜும்ஆவுக்கு வராதவன் கண்ணில் படுவான். நிக்காஹ் பெரும்பாலும் பள்ளிவாசல் ஊடாகவே நிகழ்கிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் தனியானது. ஜனாஸா, மையவாடி ஆகியவை ஜமாஅத்தின் பொறுப்பு. நம்பிக்கை போய்விட்டது என்று வாய் திறப்பவன் தன் கருத்தை மட்டும் வெளியிடவில்லை. தங்கையின் திருமணத்தையும் தாயின் கண்ணீரையும் தன் கடை வியாபாரத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். பெண்ணாயின் சொல்லவே வேண்டாம். எனவே பலர் பேசாதிருக்கின்றனர். நோன்பு நாளில் வீட்டாருடன் ஸஹருக்கு எழுகின்றனர், பெருநாளில் புத்தாடை அணிகின்றனர். இதைப் பாசாங்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் அச்சம் பாதியென்றால் அன்பு மறுபாதி.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பாளராகிய ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரு பிள்ளைகளின் தந்தை அவர். இலங்கையில் 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் ஒருவர், பௌத்தத்தை இழிவுபடுத்துகிறது என்ற முறைப்பாட்டின் பேரில், ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். எந்தச் சமூகமும் இவ்விடயத்தில் மற்றதைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

இவற்றோடு ஒப்பிட்டால் கோவூருக்குச் சில வசதிகள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஆண். ஆங்கிலம் கற்றவர். உற்றார் உறவினர் கடலுக்கு அப்பால். மனைவி குஞ்ஞம்மா அவரது கருத்துகளுக்கு உடன்பட்ட துணை. வீட்டுக்குள்ளே முகமூடி அணியத் தேவையில்லாத மனிதன், வெளியே எவ்வளவு காலமும் பொறுத்திருக்கலாம். கொழும்பு பாமன்கடை ஒழுங்கையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் திருவல்லா என்றே அவர் பெயர் சூட்டியிருந்தார். சபையை மறந்தாரேயன்றி ஊரை மறக்கவில்லை.

ஓய்வுக்குப் பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1960இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தைத் தொடங்கி இறுதிவரை தலைவராக இருந்தார். 1963இல், ஏமாற்றுக்கு இடமளிக்காத சூழலில் தெய்வீக ஆற்றலை நிரூபிப்போருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். முத்திரையிட்ட உறைக்குள் உள்ள பணத்தாளின் இலக்கத்தைப் படித்தல், தணலின் மீது அரை நிமிடம் அசையாது நின்று கொப்புளமின்றி மீளுதல் என்பன போல நிபந்தனைகள் நீண்டன. பந்தயத்துக்கு வருவோர் ஆயிரம் ரூபாய் முற்பணம் கட்ட வேண்டும். அப்பரிசை எவரும் பெறவில்லை.

பேய் பிடித்த வீடுகளுக்கு அவர் சென்று துப்பறிந்த கதைகளே மக்களை அதிகம் கவர்ந்தன. கூரையில் கல் விழும், துணி தானாகத் தீப்பற்றும், சோற்றில் மண் கிடக்கும். வீட்டார் மாந்திரீகருக்குக் கொட்டிக் கொடுத்து ஓய்ந்த பின் கோவூருக்கு எழுதுவார்கள். அவர் ஒவ்வொருவராகத் தனியே பேசிப் பார்ப்பார். பெரும்பாலும் அவ்வீட்டிலேயே பேச வாயற்ற ஒருவர், விரும்பாத திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணோ, அடி உதைக்கு ஆளான சிறுமியோ, தன்னையறிந்தும் அறியாமலும் அதைச் செய்திருப்பது வெளிப்படும். அறிதுயில் முறையாலும் ஆறுதல் மொழியாலும் அவர்களைத் தேற்றினார். இத்தகைய சம்பவமொன்றைத் தழுவியே 1972இல் மலையாளத்தில் புனர்ஜன்மம் என்ற படமும், மறு ஆண்டு தமிழில் மறுபிறவியும் வெளிவந்தன.

தாயத்து, தகடு, இஸ்ம், சூனியம், குறி ஆகியவற்றைக் கண்டிப்பதில் கோவூருக்கும் சீர்திருத்தக் கருத்துடைய உலமாக்களுக்கும் பேதமில்லை. ஷிர்க் என்று அவர்கள் சொல்வதை மோசடி என்று இவர் சொன்னார். அந்தச் சந்திவரை இருவரும் ஒரே வண்டியில் பயணம் செய்யலாம். அதன்பின் கோவூர் இறங்கவில்லை. வேதங்களையும் மறுமையையும் ஆன்மாவையும் அதே தராசில் நிறுத்தினார். அங்கேதான் நம்பிக்கையாளர்க்கும் அவருக்கும் வழி பிரிகிறது. குழாய்நீரைக் கங்கை நீரென்று குடித்துத் தேறிய மனிதனின் கதை கங்கையைப் பற்றிச் சொல்லலாம், அம்மனிதனின் தாகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்வியை அவர் போதிய அளவு எழுப்பவில்லை என்பது என் எண்ணம்.

அவர்மீது எனக்குள்ள குறையும் அதுவே. அற்புதம் காட்டுவோரை மோசடிக்காரர் என்றும், அவர்களை ஆராயாமல் நம்புவோரை மூடர் என்றும் அவர் மேடைகளில் வகுத்துப் பேசியபோது, நம்பாமலே உள்ளே தங்கியிருப்போருக்கு அந்த வகுப்பில் இடமிருக்கவில்லை. அப்படித் தங்கியிருந்தவர்களுள் முதன்மையானவர் அவரேயன்றோ! மிஷன் பாடசாலைகளின் காலைச் செபத்தில் மௌனமாக நின்ற ஆசிரியரைப் பற்றி, பந்தயம் விட்ட கோவூர் இன்னும் விரிவாக எழுதியிருந்தால் பேய்க் கதைகளைவிட அது பலருக்கு உதவியிருக்கும். கல்லெறிந்த சிறுமியிடம் காட்டிய கனிவை அவர் மேடையில் காட்டவில்லை. அதிபர் காஷ் அவரிடம் காட்டிய பொறையைக்கூட அவரது எழுத்து எல்லா மதத்தவரிடமும் காட்டியதென்று சொல்ல முடியாது.

1974இல் குஞ்ஞம்மா காலமானார். சவ அடக்கம் இல்லை, மலர்வளையம் இல்லை, பிரார்த்தனை இல்லை. உடல் மருத்துவ பீடத்துக்கு வழங்கப்பட்டது. சமயச் சமூகம் ஒரு மனிதனைக் கடைசியாகப் பற்றிக்கொள்ளும் இடம் அவனது உடல் என்பதைக் கோவூர் தெளிவாக விளங்கியிருந்தார். அந்தப் பற்றின் வலிமையை இலங்கை முஸ்லிம்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்தோரை எரிக்க வேண்டுமென்று வர்த்தமானி வெளியாகி, 2021 பெப்ரவரியில் அது நீக்கப்படும்வரை இச்சமூகம் பட்ட வேதனை, ஒருவனது இறுதிக்கிரியையை அவன் விருப்பத்துக்கு மாறாகப் பறிப்பது எத்தகைய கொடுமை என்பதைக் காட்டிற்று. நம்பாதவன்மீது அவன் விரும்பாத கிரியையைத் திணிப்பதையும் அதே அளவுகோலால் அளக்கலாமா என்பது அந்த அனுபவத்துக்குப் பின் நமக்கே எழவேண்டிய வினா.

புற்றுநோய் தம்மை அணுகிவிட்டதை அறிந்த கோவூர், மரணத்துக்கும் மறுமைக்கும் தாம் அஞ்சவில்லை என்று பகிரங்கமாக எழுதினார். 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி இலங்கையின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிற்று. பத்தாம் உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை, விரும்பிய நம்பிக்கையை மேற்கொள்ளும் உரிமையோடு சேர்த்து, எவ்வித மட்டுப்பாடுமின்றி எல்லோருக்கும் உறுதிசெய்தது. பதினொரு நாட்களின் பின், செப்டெம்பர் 18ஆம் திகதி, எண்பதாவது வயதில் அவர் இறந்தார். கண்கள் கண் வங்கிக்குச் சென்றன. உடல் மருத்துவ மாணவர்களிடம் சென்றது. எலும்புக்கூட்டை அவரது விருப்பப்படி தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான கூடத்துக்கு ஒதுக்கியிருந்தார். இலங்கையில் அவர் கற்பித்த நான்கு கல்லூரிகளில், அவர் கற்பித்த காலத்தில் எந்தத் திருச்சபைக்கும் உரியதாக இல்லாத அரசாங்கப் பாடசாலையாக இருந்தது அது ஒன்றுதான்.